ரொட்டித்தூள் தேடிப் போனவன்

செத்தால் சூரியனைப் பார்த்துவிட்டுத்தான் சாவது என்று ஒரு புதன்கிழமை காலை முடிவெடுத்தேன்.

எனக்கு ஒரு சீக்கும் இல்லை. ராத்திரி வேலை, அவ்வளவுதான். லிப்ட் கம்பெனியில் புகார் மேஜை. ஊர் தூங்கும் நேரத்தில் எங்கோ ஒரு கட்டிடத்தில் யாரோ ஒருவர் லிப்டுக்குள் மாட்டிக்கொண்டு மணியை அழுத்துவார். அது என் மேஜையில் வந்து அலறும். "பயப்படாதீங்க சார். எத்தனை பேர் இருக்கீங்க? உள்ள லைட் எரியுதா? கதவைப் பிடிச்சு இழுக்காதீங்க. ஆள் வந்துக்கிட்டே இருக்கார்" என்று நான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு மெக்கானிக்கைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டும். அவர் போய்ச் சேரும்வரை மாட்டிக்கொண்டவருடன் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். எத்தனையோ பேரை இப்படி வெளியே கொண்டுவந்துவிட்டேன். என்னிடம் மட்டும் யாரும் 'ஆள் வந்துக்கிட்டே இருக்கார்' என்று சொன்னதில்லை.

விடிந்தால் வீடு. பின்பக்க அறை. கறுப்புத் திரை, ஏசி, போர்வை. நான் எழுந்திருப்பதற்குள் சூரியன் கடையைக் கட்டிக்கொண்டு போயிருக்கும். மனைவியை ஒரு நாளில் இரண்டு முறை பார்ப்பேன். ஒரு முறை அவள் கொட்டாவி விடுவாள், ஒரு முறை நான் விடுவேன். எங்கள் தாம்பத்தியமே ஒரு நீண்ட கொட்டாவிதான்.

அந்தப் புதன்கிழமைதான் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, "பகல் ஷிப்டுல ஒரு இடம் காலியாகுது. வேணுமா? திங்கட்கிழமை சொல்லுங்க" என்றார். நான் ஓடாத குறையாக வீட்டுக்கு வந்தேன்.

"பகல் ஷிப்டு கொடுக்கறாங்க" என்றேன்.

"வேண்டாம்" என்றாள் மனைவி. டீயைக்கூட ஆற்றி முடிக்கவில்லை.

"ஏன் வேண்டாம்?"

"பகல்ல போனா சாயங்காலம் வந்துடுவீங்க."

"ஆமா."

"வந்து?"

"வந்து வீட்டுல இருப்பேன்."

"அதான் வேண்டாங்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "புருஷன் வீட்டுல இருந்தா என்ன கெட்டுப்போச்சு?"

"சீரியல் பாக்கறப்போ டிவிக்கும் எனக்கும் நடுவுல வந்து நிப்பீங்க. இவ யாரு, இவ ஏன் அழறான்னு கேப்பீங்க. நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள அவ சிரிக்க ஆரம்பிச்சிருப்பா. உங்களால வீட்டுக்கு என்ன பிரயோஜனம், அதைச் சொல்லுங்க."

"சமைப்பேன்" என்றேன்.

அதை நான் சொல்லவில்லை. வாய் சொன்னது. வாய்க்கும் எனக்கும் அன்றைக்குப் பேச்சுவார்த்தையே இல்லை.

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வசதியாகச் சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "சரி. ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் வர்றாரு. அன்னிக்கு நீங்க ஒரே ஒரு அயிட்டம் பண்ணுங்க. எங்க அண்ணன் அதை முழுசா சாப்பிட்டு, இன்னொண்ணு போடுன்னு கேட்டா, பகல் ஷிப்டுக்குப் போங்க. கேக்கலைன்னா, ரிட்டையராகற வரைக்கும் ராத்திரிதான். முணுமுணுக்கக் கூடாது."

என் மச்சானைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டுக்குத் தனியாக ஒரு பிரேக் இருக்கும். அந்தப் பிரேக்கிலேயே கால் வைத்து வாழ்ந்தவர். எதிரே யார் எதைச் செய்தாலும் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். என் கல்யாணத்தன்றே மூன்று முறை அழுத்தினார். அவர் வாயிலிருந்து 'இன்னொண்ணு' என்ற சொல்லை வாங்குவதைவிடச் சுலபமாக, நின்றுபோன லிப்டைக் கையால் இழுத்து மேலே ஏற்றிவிடலாம்.

ஆனால் எனக்குப் படிப்பறிவு உண்டு. பள்ளிக்கூடத்தை நான் ஒன்பதாம் வகுப்போடு விட்டேன். படிப்பு என்னை விடவில்லை. மணி அடிக்காத ராத்திரிகளில் கையில் கிடைத்ததை எல்லாம் படிப்பேன். திமிங்கலம் எப்படித் தூங்குகிறது, கடிகாரத்துக்குள் என்ன இருக்கிறது, எல்லாம் தெரியும். அப்படிப் படித்ததில் ஒன்றுதான் ஜப்பான் ரொட்டித்தூள். அந்த ஊரில் அதைப் பாங்கோ என்பார்களாம். சாதாரண ரொட்டித்தூள் மாவு மாதிரி இருக்கும். எண்ணெயைக் குடித்துவிட்டு, ஆறினதும் நனைந்த அட்டையாகிவிடும். இது அப்படியில்லை. ஓரமே இல்லாத வெள்ளை ரொட்டியைச் சிலும்பு சிலும்பாகச் சீவி, நிறம் மாறாமல் காயவைப்பது. எண்ணெயை அதிகம் உள்ளே விடாது. பொரித்து வெகுநேரம் ஆனாலும் மொறுமொறுப்பு போகாது. என் ராத்திரி டப்பாவில் இத்தனை காலமாக நமத்துப்போனதை மட்டுமே தின்ற எனக்கு, அதைப் படித்தபோது கண் கலங்கியது.

இதைப் பூசிப் பொரித்தால் மச்சான் பழைய செருப்பைக்கூட இரண்டாவது முறை கேட்பார். நானோ உருளைக்கிழங்கு கட்லெட் செய்யப்போகிறேன். வெற்றி நிச்சயம்.

தூள்தான் வேண்டும்.

மறுநாள் காலை வழக்கம்போல வந்தேன், படுத்தேன். மனைவி கதவைச் சாத்தியதும் எழுந்தேன். இரண்டு தலையணைகளை நீளவாக்கில் வைத்துப் போர்வையால் மூடினேன். எட்ட நின்று பார்த்தேன். என்னைவிட அதற்கு உடம்பு நன்றாக இருந்தது. வெறுங்காலோடு பின்படி வழியாக இறங்கி, கழுவும் இடத்தைத் தாண்டி, சந்துக்குள் போய்விட்டேன்.

முதல் அதிர்ச்சி சூரியன். அவ்வளவு பக்கத்தில் வைத்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. இரண்டாவது அதிர்ச்சி மனிதர்கள். ஒருவரும் மாட்டிக்கொள்ளவில்லை. எல்லாரும் தங்கள் பாட்டுக்கு எங்கோ போய்க்கொண்டிருந்தார்கள்.

பெரிய கடையில் விற்பனைப் பெண்ணிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போய் ரஸ்க் தூளைக் காட்டினார்.

"இது பழுப்பா இருக்கும்மா. எனக்கு வெள்ளையா வேணும்."

ஓட்ஸைக் காட்டினார்.

"இது ரொட்டியே இல்லம்மா."

"உங்களுக்கு வெள்ளையா, தூளா இருக்கணும். அவ்வளவுதானே சார்?"

"மொறுமொறுன்னும் இருக்கணும்."

அவர் சலவைத்தூள் வரிசைப் பக்கம் திரும்புவதற்குள் நானே வெளியே வந்துவிட்டேன். அவர் முகத்தில் ஒரு நம்பிக்கை தெரிந்தது. அது என்னைப் பயமுறுத்தியது.

அடுத்த கடையில் 'ரொட்டித்தூள்' என்றே எழுதிய ஒரு பாக்கெட் கிடைத்தது. பாய்ந்து எடுத்தேன். அட்டையில் ஒரு கிளி, மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. மச்சானுக்கு இது பொருந்தும் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. வைத்துவிட்டேன்.

மூன்றாவதாக ஒரு பேக்கரி. அடுப்புச் சூட்டில் சிவந்த ஒரு பேக்கரிக்காரர். விஷயத்தைச் சொன்னேன்.

"ஓரமே இல்லாத ரொட்டியா? ஓரம்தான் சார் ரொட்டிக்குச் சட்டை. சட்டையில்லாம நாங்க அதை வெளிய அனுப்ப மாட்டோம்."

"அப்ப இந்த ஊர்ல அது கிடைக்கவே கிடைக்காதா?"

"கிடைக்காம என்ன. தூளக்கா வீட்டுக்குப் போங்க."

"யார் தூளக்கா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஊருக்குப் புதுசு என்று நினைத்துவிட்டார். "தினம் என்கிட்டதான் ரொட்டி வாங்குவாங்க. ஓரத்தை வெட்டி, சீவி, காயவெச்சு, பாக்கெட் போட்டுத் தருவாங்க. ஓட்டல்காரங்க எல்லாம் அங்கதான் வாங்கறாங்க. அந்த வெள்ளை நிறம் வேற யாருக்கும் வராது. வெயில்ல காயவெச்சா மஞ்சளாயிடும், அடுப்புல வெச்சா பழுப்பாயிடும். அவங்க என்னமோ ரகசியமா ஒரு ரூம் வெச்சிருக்காங்க."

எனக்குப் புல்லரித்தது. இப்படி ஒரு மகராசி இந்த ஊரில் இருக்கிறாள். என் வீட்டில் இருப்பவளோ டிவி முன்னால் இருக்கிறாள்.

வழி கேட்டுக்கொண்டேன். மருந்துக்கடையைத் தாண்டி, தையல்காரர் பலகை இருக்கும் தெரு. பச்சை கேட். மாடி.

தெரு எங்கேயோ பார்த்த மாதிரித்தான் இருந்தது. ஆனால் எனக்குப் பகலில் எந்தத் தெருவும் தெரியாது. ராத்திரியில் பார்க்கும் தெருவுக்கு ஆட்கள் கிடையாது, கோலிக்குண்டு கிடையாது, சைக்கிள் கிடையாது. மேலும் என் வீட்டு கேட் சாம்பல் நிறம். அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். ஒவ்வொரு நாளும் விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் அதைத் திறந்து உள்ளே போகிறவன் நான்.

விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் எல்லா கேட்டும் சாம்பல் நிறம்தான் என்பது எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

பச்சை கேட்டைத் திறந்து உள்ளே போனேன். மாடிப்படியில் நான்கைந்து பேர் டப்பாவும் பையுமாக வரிசையில் நின்றார்கள். கடைசியாக நின்ற அம்மாவுக்குப் பின்னால் நானும் நின்றேன்.

"ஏம்மா, தூளக்கா வீடு இதுதானே?"

அந்த அம்மா பதறிப்போய் வாயில் விரலை வைத்தார். "உஷ். மெதுவா பேசுங்க சார். உள்ள அவங்க வீட்டுக்காரர் தூங்கறாரு."

"ஓ. மன்னிச்சுக்குங்க" என்று கிசுகிசுத்தேன். "இந்நேரத்துல தூங்கறாரா?"

"பாவம், ராத்திரி வேலையாம்."

எனக்கு அந்த முகம் தெரியாத மனிதர் மேல் பாசம் பொங்கியது. "எனக்கும் ராத்திரி வேலைதாம்மா. அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும்."

"நாங்க யாருமே அவரைப் பார்த்ததில்லை சார். நான் கேன்டீன் ஆரம்பிச்ச நாள்லேருந்து இங்க வந்துக்கிட்டிருக்கேன். ஒரு நாள் கண்ல பட்டதில்லை." குரலை இன்னும் இறக்கினார். "சிலபேர் அப்படி ஒருத்தர் கிடையவே கிடையாதுங்கறாங்க. பொம்பளை தனியா இருக்கான்னு தெரியக் கூடாதுன்னு அந்த அக்கா சும்மா சொல்லுதாம்."

"அப்படியும் இருக்கும்மா" என்றேன். "காலம் அப்படி."

வரிசை நகர்ந்தது. நானும் இரண்டு படி ஏறினேன். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு பை. அது என் சாப்பாட்டுப் பை.

திருட்டுப் பயல்கள், என் பையை இங்கே கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு கீழே பார்த்தேன். என் செருப்பு. பிறகு கதவைப் பார்த்தேன். பிறகு அந்தக் கதவிலிருந்து ஒரு குரல், நான் இத்தனை வருடங்களில் கேட்டிராத அளவுக்குத் தேன் தடவிய ஒரு குரல், "அடுத்தது யாரு, வாங்க கண்ணு" என்றது.

என் மனைவி.

தலையில் வெள்ளைத் துணி. கையில் தராசுத் தட்டு. வரிசையில் நின்றவர்கள் அவளை அக்கா என்றார்கள், மேடம் என்றார்கள், ஓர் ஓட்டல்காரர் அம்மா என்றே கூப்பிட்டார். நான் நின்ற இடத்தில் நின்றேன். 'பயப்படாதீங்க சார். உள்ள லைட் எரியுதா?' என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். எரியவில்லை.

என் முறை வந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். மயங்கி விழுவாள் என்றுகூட ஒரு நப்பாசை. அவள், "உங்களுக்கு எவ்வளவு வேணும் சார்?" என்றாள்.

"என்னடி இது?" என்றேன். சத்தமாக வந்துவிட்டது.

"உஷ்" என்றது மொத்த வரிசையும். "அவர் எழுந்துடப் போறாரு."

கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கூடத்தைத் தாண்டி, பின்பக்க அறைக் கதவைத் திறந்தாள். என் அறை. என் கறுப்புத் திரை. என் ஏசி.

கட்டிலைச் சுற்றித் தட்டுகள். அலமாரி மேல் தட்டுகள். ஜன்னல் மேடையில் தட்டுகள். தலைமாட்டில் தட்டுகள். எல்லாவற்றிலும் வெள்ளை வெளேரென்று, பூப்போல, ஜப்பான் ரொட்டித்தூள். கட்டிலின் நடுவில் என் தலையணைகள் போர்வைக்குள் நிம்மதியாகப் படுத்திருந்தன. அவற்றின் வயிற்றின் மேலும் ஒரு தட்டு.

"நான் தூங்கறப்போ..." என்று ஆரம்பித்தேன்.

"ரெண்டு வருஷமா."

"என்னைச் சுத்தியா?"

"ஏசிக் காத்துலதாங்க நிறம் மாறாம காயுது. பகல் பூரா ஏசி ஓடற ரூம் இந்தத் தெருவுலயே இது ஒண்ணுதான். கதவைச் சாத்தினா யாரும் வர மாட்டாங்க. தூசியும் இல்ல."

நான் மெல்லத் தலையைத் தடவிப் பார்த்தேன். விரலில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது. இரண்டு வருடங்களாகப் பொடுகு என்று நினைத்து நான் தேய்க்காத எண்ணெய் இல்லை, போடாத ஷாம்பு இல்லை. ஆபீசில் என் பின்னால் உட்காருகிறவர் நாற்காலியையே மாற்றிக்கொண்டார். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

மொறுமொறுவென்று இருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னேனே. மொத நாளே கேட்டேன். இங்க தட்டு வெச்சுக்கட்டுமான்னு. ம்முன்னீங்க."

"அது குறட்டைடி."

"ஓட்டல்காரர் கேக்கறாரு, நிறைய பண்ணட்டுமான்னு கேட்டேன். அதுக்கும் ம்முன்னீங்க. உங்களைக் கேக்காம நான் எதுவுமே செஞ்சதில்ல."

"நான் வெளிய போனது எப்பத் தெரியும்?"

"தட்டு வைக்க வந்தப்பவே. மூச்சு வரலை. தொட்டுப் பார்த்தேன், தலகாணி. சரி, எங்கயோ போயிருக்காரு, இன்னிக்கு மேலயும் ஒரு தட்டு வைக்கலாமேன்னு வெச்சேன். பேக்கரிக்காரர் போன் பண்ணினாரு, தலையெல்லாம் வெள்ளையா ஒரு ஆள் உங்களைத் தேடிக்கிட்டு வர்றாரு அக்கான்னு."

கட்டிலின் ஓரத்தில், இரண்டு தட்டுகளுக்கு நடுவில் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தேன். இத்தனை நாளாக 'அவர் தூங்கறாரு, சத்தம் போடாதீங்க' என்று வெளியே கேட்கும்போதெல்லாம், எனக்காக ஒருத்தி ஊரையே அடக்கிவைத்திருக்கிறாள் என்று உருகியபடி தூங்கினேன். அவள் தட்டு குலுங்கிவிடக் கூடாதென்று அடக்கியிருக்கிறாள். நான் ராத்திரி ஷிப்டு மட்டும் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். பகல் ஷிப்டும் நான்தான் பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. வெளிச்சம் பட்டதால் இருக்கும்.

"ஓஹோ. அதனாலதான் பகல் ஷிப்டு வேண்டாம்னியா?"

அவள் முந்தானை நுனியைச் சுருட்டினாள். "கீழ ஓனரம்மாதானே கரண்ட் கட்டறாங்க. ராத்திரி வேலை செய்யற மனுஷன் தூங்கணுமேன்னுதான் பகல்ல ஏசி போட விட்டிருக்காங்க. நீங்க பகல்ல வேலைக்குப் போயிட்டா எதைச் சொல்லி ஏசி போடறது? என் தொழிலே நின்னுடும்."

"அதாவது, நான் இந்தக் கட்டில்ல படுத்தாத்தான் உனக்குத் தொழில்."

"ஆமாங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக என் கை ஓங்கியிருந்தது. அந்த உணர்வு எனக்குப் பழக்கமில்லாததால் லேசாகத் தலை சுற்றியது.

"அப்படின்னா நான் பகல் ஷிப்டுக்குத்தான் போவேன்."

"போங்க. ஞாயித்துக்கிழமை கட்லெட்டுக்குத் தூள்?"

இந்த ஊரில் அந்தத் தூள் வேறு எங்கும் கிடையாது. கிளி மட்டும்தான் இருக்கிறது.

அவளே ஒரு பாக்கெட்டை எடுத்து என் மடியில் வைத்தாள். குரல் கம்மியிருந்தது. "இந்தாங்க. எங்க அண்ணன் முன்னாடி நீங்க தலைகுனிய வேண்டாம். நல்லா பண்ணுங்க. ஆனா பகல் ஷிப்டு மட்டும் வேண்டாங்க. எனக்காக."

"சரி" என்றேன்.

உள்ளுக்குள் 'சரி' என்று சொல்லவில்லை. என்னைச் சுற்றித் தட்டு அடுக்கியவளிடம் என்ன நாணயம் வேண்டியிருக்கிறது? தூளை வாங்கிக்கொள்வது, மச்சானை ஜெயிப்பது, எல்லார் முன்னாலும் பகல் ஷிப்டை அறிவிப்பது. அண்ணன் எதிரில் அவள் வாய் திறக்க முடியாது. இந்தச் சதியை நானே யோசித்தேன் என்பதை நினைக்க நினைக்க எனக்கே வியப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார், கூடவே அவர் மனைவி. மச்சான் அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் கேஸைப் பற்றவைத்தேன். அவர் வலது கால் தரையை அழுத்தியது.

"மாப்பிள்ளை, தீ ஜாஸ்தி."

"இன்னும் பத்தவே இல்ல மச்சான்."

"பத்தினா ஜாஸ்தியாத்தான் இருக்கும்."

உருளைக்கிழங்கை மசித்தேன். வெங்காயம், மிளகு, உப்பு. தட்டையாகத் தட்டினேன். கரைத்த மைதாவில் முக்கித் தூளில் புரட்டினேன். கூடத்திலிருந்து மனைவியின் குரல் மட்டும் வந்தது. "அமுக்காதீங்க. தூள் நசுங்கிடும். ஒட்டினது ஒட்டட்டும்." எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க ஒரே ஒரு சிலும்பைப் போட்டேன். அது மூழ்காமல், கருகாமல், சுற்றிலும் குமிழி விட்டுக்கொண்டு ஒரு குட்டிப் படகுபோலச் சுற்றியது. எனக்கு மறுபடியும் கண் கலங்கியது. மச்சான் வெங்காயம் என்று நினைத்துக்கொண்டார்.

தட்டு வந்தது. மச்சான் கட்லெட்டை எடுத்தார். நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தார், ஓட்டவந்த புது வண்டியைப் பார்ப்பதுபோல. கடித்தார்.

கரக்.

அந்தச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. மச்சானின் வலது கால், நான் அறிந்தவரை முதன்முறையாக, தரையிலிருந்து மேலே எழுந்தது. ஒன்று போனது. தட்டைத் தடவினார். விரலை நக்கினார். எங்கேயோ பார்த்தபடி, "இன்னொண்ணு போடுங்க" என்றார்.

"எங்க வாங்கினீங்க இந்தத் தூளை?" என்றார் அவர் மனைவி.

"வாங்கலை அண்ணி" என்றாள் என் மனைவி. "இவர்தான் காயவெச்சாரு. தூங்கிக்கிட்டே."

அவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எழுந்து நின்றேன். தொண்டையைச் சரி செய்துகொண்டேன்.

"மச்சான், ஒரு நல்ல சேதி. நாளையிலேருந்து நான் பகல் ஷிப்டு."

என் மனைவி தலையைக் குனிந்து தட்டையே பார்த்தாள். தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாள் என்று புரிந்தது. ஆனாலும் ஆண்பிள்ளை ஒரு முறை முடிவெடுத்துவிட்டால் பின்வாங்கக் கூடாது, குறிப்பாக அது அவன் எடுத்த முதல் முடிவாக இருந்தால். மச்சான் மூன்றாவது கட்லெட்டை எடுத்துக்கொண்டே, "நல்லதுதான்" என்றார். பிரேக் விழவில்லை.

திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர் முன்னால் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். "பகல் ஷிப்டு எடுத்துக்கறேன் சார்."

"அப்பாடா" என்றார் அவர். "உங்க வீட்டம்மாகிட்ட மொதல்ல சொல்லிடுங்க. என் வீட்டுக்காரி தூள் வாங்கப் போறப்பல்லாம் அவங்க இவகிட்ட இதைக் கேட்டு, இவ வந்து என்னைக் கேட்டு, ரெண்டு மாசமா எனக்கு நிம்மதியில்ல. அவங்களுக்காகத்தான் அந்த இடத்தையே காலி பண்ணினேன்."

"யாருக்காக சார்?"

"தூளக்காவுக்காக."

அன்று பூராவும் ஒரு லிப்டும் மாட்டவில்லை. நான் மட்டும் மாட்டியிருந்தேன். சாயங்கால வெயில் தெருவில் மஞ்சளாகக் கிடந்தது. இத்தனை காலம் ஏங்கிய வெயில். அதை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். கேட் பச்சைதான்.

பின்பக்க அறையில் என் கட்டில் இல்லை. கட்டில் இருந்த இடத்தில், தரையிலிருந்து கூரை வரைக்கும் இரும்பு அடுக்கு. அடுக்கு முழுக்கத் தட்டுகள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு ரொட்டி சீவிக்கொண்டிருந்தார் கீழ் வீட்டு ஓனரம்மா.

"வாங்க தம்பி" என்றார். "நானும் பார்ட்னராயிட்டேன். மூணு மாசமாச்சு. உங்க வீட்டம்மா சொல்லலையா?"

என் கட்டில் கூடத்தில், டிவிக்கு எதிரில் கிடந்தது. அதில் உட்கார்ந்து என் மனைவி ரொட்டி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நீதான் கேட்டியா? பகல் ஷிப்டை நீதான் கேட்டு வாங்கினியா?"

"ஆமாங்க. நீங்க நடுவுல படுத்திருந்தா அடுக்கு வைக்க முடியலை. போன மாசம் புரண்டு படுத்து ரெண்டு தட்டைக் கொட்டிட்டீங்க. அதுவுமில்லாம சாயங்காலத்துல ஓரம் வெட்ட ஒரு ஆள் வேணும்."

"அப்ப எதுக்குடி வேண்டாம் வேண்டாம்னு அழுதே?"

"எங்க அழுதேன்? சிரிப்பை அடக்கிக்கிட்டிருந்தேன்." கத்தியின் பிடியை என் பக்கமாகத் திருப்பி நீட்டினாள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் எனக்கு இடமும் விட்டாள். "நான் மொதல்லயே போங்கன்னு சொல்லியிருந்தா, என்ன விஷயம்னு சந்தேகப்படாம நீங்க போயிருப்பீங்களா?"

கத்தியை வாங்கி வெட்டிக்கொண்டே நிறைய யோசித்தேன். ரொட்டிக்கு நான்கு ஓரம்.